எந்த நடைமுறை, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அந்த நாவலுக்கு வந்த விமர்சனத்தைப் படித்தேன். மனைவியைப் பறிகொடுத்த சீரியல் வசனகர்த்தா, காரியம் முடிவதற்குள் சாவு சீன் எழுத உட்காருகிற கதை. எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, கடைசியில் ‘தொலைக்காட்சிக்காரர்களை இவ்வளவு கொடூரமாகக் காட்டியிருக்க வேண்டாம், நடைமுறையில் இப்படியெல்லாம் நடக்காது’ என்று ஒரு வரி போட்டிருக்கிறார் உங்கள் விமர்சகர். அது எந்த ஊர் நடைமுறை என்று சொன்னால் நானும் அங்கே போய் வேலை கேட்டிருப்பேன்.

நான் மெகா சீரியலுக்கு வசனம் எழுதிப் பிழைத்தவன். அப்பா தவறிய மறுநாள் புரொடக்‌ஷன் மேனேஜர் போன் செய்தார். முறையாகத் துக்கம் விசாரித்தார். அப்புறம், “சார், வெள்ளிக்கிழமை நம்ம பெரியவர் சாவு சீன். உங்களுக்கு இப்ப எல்லாம் ஞாபகத்துல இருக்கும். என்னென்ன சாமான் வேணும்னு ஆர்ட் டிபார்ட்மென்டுக்கு ஒரு லிஸ்ட் சொல்லிடுங்க” என்றார். சொன்னேன். நீர்மாலைக்குக் குடம், நெய்ப்பந்தம், வாய்க்கரிசி, எல்லாம். ஷூட்டிங்கில் ஃபிரீசர் பெட்டியின் கண்ணாடியில் லைட் பளிச்சென்று அடிக்கிறது என்று மூடியைக் கழற்றினார்கள். பெரியவர் மூச்சு விடுவது மானிட்டரில் தெரிந்ததால் நெஞ்சின் மேல் மாலையைக் கூட்டினார்கள். அடுத்த வியாழக்கிழமை டிஆர்பி ஏறியிருந்தது. சேனலிலிருந்து மைசூர்பாகு வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

என் கதை கிடக்கட்டும். 2016 டிசம்பர் 5 உங்களுக்குத் தெரியாததா? ஜெயலலிதா இறந்துவிட்டதாக மாலையிலேயே சில சேனல்கள் அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் கொடியை இறக்கி, மருத்துவமனை மறுத்ததும் திரும்ப ஏற்றினார்கள். இரவு 11.30க்குத்தான் உயிர் பிரிந்ததென்று பிறகு அறிவிப்பு வந்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கும் பணியை நாள்கணக்கில் நேரலையாக ஓட்டினார்கள். தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பெற்றோர் அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தொட்டியில் மூழ்கி இறந்தது. பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன், ஊரே அன்று அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இதை நாவலில் எழுதியிருந்தால் உங்கள் விமர்சகர் புத்தகத்தையே மூடி வைத்திருப்பார்.

அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? ஒரு காலத்தில் உங்கள் இதழில் புத்தகத்துக்கு நாலு பக்கம் இருந்தது. இப்போது அரைப் பக்கம், எதிரே முழுப்பக்கத்துக்குச் சீரியல் நாயகியின் புடவைகள். சீரியல்காரர்களின் சம்பள பாக்கி பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தைச் சுருக்கித் துணுக்குப் பகுதியில் போட்டீர்கள். வாசகர்கள் ரசித்துச் சிரித்திருப்பார்கள். நன்றி.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விமர்சனத்தில் நாவலின் விலையும் பதிப்பகத்தின் பெயரும் விட்டுப்போயிருக்கின்றன. புடவைப் பக்கத்தில் கடையின் பெயர், விலை எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்த இதழில் இதையும் ஒரு மூலையில் போட்டுவிடுங்கள். எங்கள் பகுதி நூலகர் கேட்கிறார்.

இப்படிக்கு,
பழைய வசனகர்த்தா ஒருவர்,
வளசரவாக்கம், சென்னை.