கனிம ஆய்வுக்கு வருமுன் ஊருக்குத் தெரிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அரிட்டாபட்டி சுற்றுவட்டார விவசாயிகள்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மதுரை மாவட்டம்.

பொருள்: மேலூர் வட்ட மலைகளில் கனிம ஆய்வு தொடங்குமுன் கிராம சபைக்குத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் (கடினமான ஓர் உலோகம்) தொகுதி என்று 2,015.51 ஹெக்டேர் ஏலம் போன செய்தி 2024 நவம்பரில் வந்தபோதுதான், எங்கள் மலைகள் ஏற்கெனவே ஆய்வு செய்யப்பட்டு வரைபடத்தில் ஏறிவிட்டன என்பதே எங்களில் பலருக்குத் தெரிந்தது. அரிட்டாபட்டிப் பகுதியில் தமிழக அரசு 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த சுமார் 193 ஹெக்டேரும் அந்த எல்லைக்குள்ளேயே கிடந்தது. அப்புறம் ஏலத்தை எதிர்த்து நடந்த சட்டமன்றத் தீர்மானமும் மதுரை தல்லாகுளம் பேரணியும் தாங்கள் அறிந்தவையே. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மகிழ்ச்சிதான். ஆனால் ரத்தானது ஏலம் மட்டும். நிலத்தடியில் டங்ஸ்டன் இருக்கிறது என்ற ஆய்வு முடிவு அப்படியேதான் இருக்கிறது.

2023 கனிமச் சட்டத் திருத்தத்தின்படி டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் போய்விட்டது. அந்த வகைச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகமும் விலக்கு அளித்துவிட்டது. கருத்துக்கேட்பு அன்று பேசிக்கொள்ளலாம் என்று இனி நாங்கள் இருக்க முடியாது. பேசினால் ஆய்வுக் கட்டத்திலேயே பேச வேண்டும்.

ஆய்வே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கிணறு தோண்டும் போர்வெல் வண்டியின் பிட்டில் (துளைமுனையில்) இருப்பதும் டங்ஸ்டன்தான், தெரியும். ஆனால் ஆய்வு என்பது சுத்தியலால் பாறையைத் தட்டிப் பார்ப்பதோடு முடிவதில்லை. பெயின்ட் குறி போடுவார்கள், சாக்கில் மண் அள்ளுவார்கள், கனிமம் தட்டுப்பட்டால் துளையிடும் எந்திரம் ஏற மலையடியில் பாதை வெட்டுவார்கள். இங்கே மழைநீர் மொட்டைப் பாறையில் வழிந்து, சுனையில் தங்கி, வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வருகிறது. மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். வரத்துக்காலின் குறுக்கே லாரிப் பாதைக்கு மண் கொட்டினால் அந்த வருடம் கீழ் வயல் தரிசுதான். துளை சில அங்குலம்தானே என்பார்கள். பாறை இடுக்கில் ஊறும் நீருக்கு அது போதும், வேறு பக்கம் இறங்கிவிடும். லகடு வல்லூறு என்ற வேட்டைப் பறவை கூடு கட்டும் பாறைகள் வேறு இருக்கின்றன. குஞ்சு பொரிக்கும் காலத்தில் அங்கே எந்திரம் ஓடினால் என்ன ஆகும் என்று வனத்துறையைக் கேட்டால் சொல்வார்கள்.

எனவே எந்தத் துறையோ, உரிமம் பெற்ற நிறுவனமோ ஆய்வுக்கு வந்தாலும், எந்தச் சர்வே எண்ணில், எந்தக் கனிமத்துக்காக, எத்தனை துளை என்பதைத் தமிழில் எழுதி முன்கூட்டியே கிராம சபையில் வைக்கவும், ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் கருத்தைக் கேட்கவும், பாரம்பரியத் தல எல்லைக்குள்ளும் கண்மாய் வரத்துகளிலும் துளையிட அனுமதி தராதிருக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். இதுவரை இப்பகுதியில் போட்ட துளைகள் எங்கெங்கே, அவை மூடப்பட்டனவா என்பதை வட்டாட்சியர் மூலம் கள ஆய்வு செய்து, அந்த அறிக்கையின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அரிட்டாபட்டி சுற்றுவட்டார விவசாயிகள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், கண்மாய் வரத்துக்கால்களின் வரைபடம்.