சிட்டுக்குருவியையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டன் சுற்றுலா பற்றிய உங்கள் கட்டுரையில் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது, சரி, ஆனால் அங்குள்ள எம்.சி.சி. (மேரில்போன் கிரிக்கெட் கிளப்) அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! உலகப்போர்களில் மாண்ட கிரிக்கெட் வீரர்களின் நினைவாக 1953-இல் திறந்தது அது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் டெஸ்ட் தொடரை ஆஷஸ், ஆஷஸ் என்று இத்தனை ஆர்ப்பாட்டம் செய்கிறார்களே, அதன் சின்னமாக அங்கிருக்கும் சுடுமண் ஜாடி சுமார் 11 செ.மீ. உயரம்தான். ஆஸ்திரேலியா ஜெயித்தாலும் அது லார்ட்ஸுக்குத்தான் சொந்தம், ஜெயித்தவர்களுக்குக் கிடைப்பது கண்ணாடியில் செய்த நகல்! எனக்குப் பிடித்தது பாடம் செய்த சிட்டுக்குருவி. 1936-இல் ஜஹாங்கீர் கான் (1932-இல் இந்தியாவின் முதல் டெஸ்ட்டில் ஆடியவர்) வீசிய பந்து பட்டுச் செத்துப்போனது, பாவம், அதை ஒரு பந்தின் மேலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த முறை இதையும் சேர்த்துப் போடுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை