நினைவூட்ட வேண்டியவரே ஏலம் விட்டால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறு வியாபாரிகள் வலைத்தளம் தொடங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை உபயோகமானது. ஆனால் போகிற போக்கில் டொமைனைப் பற்றி, அதாவது தளத்தின் முகவரிப் பெயரைப் பற்றி, 'டொமைன் காலாவதியானால் திரும்பப் பதிந்துகொள்ளலாம்' என்று ஒரு வரி வருகிறதே, அதை நம்பி யாராவது சும்மா இருந்துவிட்டால் பெயர் போனது போனதுதான்.

ஈரோட்டில் எனக்குப் பழக்கமான ஜமக்காள வியாபாரி ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அவருக்கு டாட் காம் பெயரை வாங்கிக் கொடுத்தவர் உள்ளூர் டிசைனர், அதாவது இடையில் இருந்து விற்கும் ரீசெல்லர், அவருக்கு மேலே பெயரைப் பதிந்து தரும் வெளிநாட்டு நிறுவனமான ரிஜிஸ்ட்ரார். டிசைனர் பெயரைத் தன் இமெயிலிலேயே பதிந்து வைத்திருந்தார், அப்புறம் தொழிலை விட்டுவிட்டுப் போய்விட்டார், ரினியூ பண்ணச் சொல்லி வந்த மெயிலெல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்கே போனது. ஒரு நாள் தளத்துக்குப் பதில் 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று ஒரு பக்கம். ரிஜிஸ்ட்ராருக்கு எழுதினால் 'நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, ரீசெல்லரிடம் கேளுங்கள்' என்று பதில். ரீசெல்லரோ போனே எடுப்பதில்லை. இப்போது அந்த முகவரியில் ரம்மி விளம்பரம் ஓடுகிறது, பில் புக்கிலும் துணிப்பையிலும் அதே முகவரிதான் அச்சாகியிருக்கிறது.

தளம் போனதைவிட மோசம், அதே பெயரில் இருந்த மெயில் முகவரி போனது. பெயரை வாங்கியவர் நினைத்தால் அந்த முகவரிக்கு வரும் எல்லாக் கடிதமும் அவர் பெட்டியில் விழும்படி செய்துகொள்ளலாம். ஆர்டர் மட்டுமா, கூரியர் கணக்கு, விற்பனைத் தளக் கணக்கு என்று எதன் பாஸ்வேர்டை மாற்றக் கேட்டாலும் லிங்க் அங்கேதான் போகும்.

சரி, விதி என்ன சொல்கிறது? டாட் காம் மாதிரியான பெயர்களுக்கு, உலக அளவில் டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பின் விதிகள் 2013 முதல் நடப்பில் இருக்கின்றன. காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரிஜிஸ்ட்ரார் அறிவிப்பு அனுப்ப வேண்டும், ரினியூ ஆகாவிட்டால் முடிந்த 5 நாளுக்குள் இன்னொன்று. பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம் தீட்டிவிடுவார்கள் என்றாலும் பழைய உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 30 நாள் தொடங்குவதே பெயர் நீக்கப்பட்ட பிறகுதான். நல்ல பெயரை எந்த ரிஜிஸ்ட்ரார் நீக்குவார்? காலாவதிக்குப் பின் 45 நாள் வரை பெயர் அவர் கையிலேயே இருக்கலாம், அதற்குள் ஏலம் விட்டு வேறொருவருக்கு மாற்றிவிடுகிறார்கள். மீட்புக் காலம் வருவதே இல்லை. நாம் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் போட்ட ஒப்பந்தத்தில் இதற்கும் சம்மதம் இருக்கும்.

என் ஆட்சேபணை இங்கேதான். நாம் ரினியூ பண்ணினால் ரிஜிஸ்ட்ராருக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய் லாபம், மறந்தால் ஏலத்தில் அதைப்போலப் பல மடங்கு. நினைவூட்டும் பொறுப்பையும் ஏலம் விடும் உரிமையையும் ஒரே ஆளிடம் கொடுத்தது பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை. மறப்பது வியாபாரியின் அலட்சியம் என்பார்கள். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட்டே பாஸ்போர்ட் டாட் காம் பெயரை ரினியூ பண்ண மறந்து, ஹாட்மெயிலில் பலர் நுழைய முடியாமல் போய், மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் புரோகிராமர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டினார். அவர்களுக்கு அப்படி ஒரு நல்ல மனுஷன் கிடைத்தார், ஜமக்காளக்காரருக்குக் கிடைக்கவில்லை.

வழக்குப் போடலாமே என்றால், ஐகான் வழியில் முறையிட டிரேட்மார்க் உரிமையைக் காட்ட வேண்டும், எதிராளி கெட்ட எண்ணத்தில் பதிந்து பயன்படுத்துகிறார் என்றும் நிரூபிக்க வேண்டும். உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போனால் ஒரு பெயருக்குக் கட்டணமே 1500 டாலர், வக்கீல் செலவு தனி. ஜெயித்தாலும் பெயர் கிடைக்கும், நஷ்ட ஈடு கிடையாது. டாட் இன் பெயர் என்றால் ஐகானுக்கு எழுதிப் பயனில்லை, அது டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்ஸியின் எல்லை, தகராறு முறையும் தனி.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த இமெயிலில் இருக்கிறது என்று டிசைனரிடம் கேளுங்கள், மழுப்பினால் விடாதீர்கள். அந்த இமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது, டொமைன் நின்றால் அதுவும் நின்றுவிடும். அப்புறம் ஐகானும் நிக்ஸியும் ஒரு விதி கொண்டுவர வேண்டும்: மீட்புக் காலம் முழுதாக முடியும்வரை எந்த ரிஜிஸ்ட்ராரும் பெயரை ஏலத்துக்கு வைக்கக் கூடாது, ரீசெல்லர் காணாமல் போனால் உரிமையாளருக்கு ரிஜிஸ்ட்ராரே நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு