மகனுக்கு, அவனுடைய கிட்டாரைப் பற்றி

கொட்டாஞ்சேனை,
கொழும்பு.

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ரொறன்ரோவில் பழைய அக்குஸ்டிக் கிட்டார் ஒன்று வாங்கினாய் என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம். இப்போது பார்த்தால், "விரல் எல்லாம் எரியுது அம்மா, எஃப் கோர்ட் வரவே வராதாம், விற்கப் போறன்" என்கிறாய். பல சுரம் சேர்ந்து ஒலிக்கிற கோர்ட்டுகளில் எஃப் கஷ்டமானதுதான், ஆனால் விற்காதே ராசா. போனில் இதைச் சொல்லி முடிக்க ஏலாது, நீ வேலைக்கு ஓடிக்கொண்டே கேட்பாய். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். கிட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி.

கோயில் பாடகர் குழாமில் வாசிக்கிறவள், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். பாதியில் விட்டுவிடுகிற பிள்ளைகளில் பலருக்கு விரலிலும் குறை இல்லை, காதிலும் குறை இல்லை. அவர்கள் கொண்டுவருகிற கிட்டாரில் கம்பி, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்கிற உலோகக் கோடுகளை விட்டு எட்ட நிற்கும். அதை அழுத்த வளர்ந்த ஆளுக்கே கஷ்டம். உன்னுடையதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. உன்னை நீ நோவதற்கு முன் கிட்டாரைச் சோதித்துப் பார்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் தடித்த ஆறாம் கம்பிக்கும் (மெல்லியதுதான் முதலாம் கம்பி) நடுவில் உள்ள இடைவெளியைப் பார். ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. உங்களுடைய கனடாப் பத்துச் சத நாணயம் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் 2.4 மில்லிமீட்டர் வரும். அந்த இரண்டும் கம்பிக்குக் கீழே தாராளமாகப் போய், மேலே இன்னொன்றுக்கும் இடம் இருந்தால், கம்பி உயரம் கூடிப்போயிற்று. அடுத்தது நட். அதுதான் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காருகிற வெள்ளைத் துண்டு. ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு, முதலாவது ஃப்ரெட்டின் மேல் பார். அங்கே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்ன இடைவெளிதான் இருக்க வேண்டும். வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால் நட்டின் வெட்டு ஆழம் போதாது. எஃப் உனக்கு வராததற்கு அதுவே பெரிய காரணமாக இருக்கலாம், ஏனென்றால் நட்டுக்குப் பக்கத்து முதல் ஃப்ரெட்டில்தான் எஃப் பிடிக்கிறாய். இதை நீயே அரத்தால் ராவ வெளிக்கிடாதே. கிட்டார் திருத்துகிற கடையில் கொடுத்து "செட்டப்" செய்யச் சொல், அதாவது கம்பி உயரத்தையும் நட்டையும் சரிப்படுத்தச் சொல். காசு போகும்தான், ஆனால் புதுக் கிட்டார் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

போகிற கையோடு கம்பியையும் மாற்றச் சொல். கடைக் கிட்டார்களில் பெரும்பாலும் 12 கேஜ் தடிப்பில் போட்டிருப்பார்கள். ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். தொடக்கத்தில் அதைவிட மெல்லிய 10 கேஜ் போதும். சத்தம் கொஞ்சம் மெலியும், பரவாயில்லை, விரல் தப்பும். யாராவது நைலோன் கம்பி போடச் சொன்னால் கேட்காதே, அதற்குக் கிட்டாரே வேறு.

இன்னொன்று, இது அங்கே இருக்கிற உனக்கு மட்டும். இங்கே கொழும்பில் கடற்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், ஈரத்தில் பலகை ஊதும். அங்கே நேர்மாறு. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டில் ஈரப்பதன் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கிட்டாருக்கு வேண்டியது 45 முதல் 55 வரை. காய்ந்தால் மரம் சுருங்கி, ஃப்ரெட்டுகளின் முனை வெளியே வந்து கையைக் கீறும், மேற்பலகை வெடித்தாலும் வெடிக்கும். பெட்டிக்குள் வைக்கிற ஈரமூட்டி ஒன்றும் ஈரப்பதன் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்றும் வாங்கிப் போடு. குளிர் முடியும் வரை பெட்டியிலேயே வை. ஆனால் பெட்டி அலுமாரிக்கு மேலே போகக் கூடாது, கட்டிலுக்குப் பக்கத்தில் கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். எட்டாத கிட்டாரை ஒருவரும் எடுப்பதில்லை.

சரி, இனி விரல். முதல் சில கிழமைகள் நுனி எரியத்தான் செய்யும், பிறகு தோல் தடிக்கும். குளித்த கையோடு வாசிக்காதே, ஊறிய தோல் கெதியாக உரிந்துவிடும். மணிக்கட்டோ கையோ நொந்தால் அது வேறு, உடனே நிறுத்து. அப்புறம் இதைச் செய்து பார்: மூன்றாம் கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்துத் தட்டு. "டொக்" என்று கேட்கும். மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டிக்கொண்டே தட்டு. கரகரப்புப் போய்ச் சுத்தமான சத்தம் வருகிற அந்த இடத்தோடு நில். அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் வீண் நோ. இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் விரல் வைத்தால் இதைவிட அழுத்த வேண்டிவரும், அதனால் ஃப்ரெட்டை ஒட்டியே வை.

நீ ஓ.எல். பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதம் எடுத்தவன். அது இப்போது கைகொடுக்கும். டியூனரில் ஒழுங்காகச் சுருதி சேர்த்துவிட்டு, ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டை ச என்று எடுத்துக்கொள். நாலாம் கம்பியை வெறுமனே தட்டினால் ரி, அதில் இரண்டாம் ஃப்ரெட் க, மூன்றாம் ஃப்ரெட் ம. மூன்றாம் கம்பி வெறுமனே ப, அதில் இரண்டாம் ஃப்ரெட் த. இரண்டாம் கம்பி வெறுமனே நி, அதன் முதல் ஃப்ரெட் மேல் ச. முழுச் சங்கராபரண ராகமும் ஒரு கைப்பிடிக்குள் வந்துவிட்டது. உங்கள் டீச்சர் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் பழக்கினா என்று தெரியும். ஆனால் அதன் ரியும் தவும் இறங்குவதால் கைக்கு இந்த வசதி இராது, ஆகவே இப்போதைக்குச் சங்கராபரணம். தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, தட்டுக்கு ஒரு சுரமாக முதலாம் காலம் வாசி. ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரம் வரும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கிறதா என்று கேள். அது வடிவாக வராமல் இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்குப் போகாதே. முதல் நாளே பாட்டு வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது அலுப்பாக இருக்கும், ஆனால் விரல் சுத்தமாவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இப்போது சி மேஜர் கோர்ட்டைப் பிடி. சுட்டுவிரல் இரண்டாம் கம்பி முதல் ஃப்ரெட், நடுவிரல் நாலாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், மோதிர விரல் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட். ஐந்தாம் கம்பியிலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தட்டு: ச, க, ப, ச, க. சுட்டுவிரலையும் நடுவிரலையும் அசைக்காமல் மோதிர விரலை மட்டும் எடுத்து மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் வை. அது ஏ மைனர். பாடிப் பார், ப இருந்த இடத்தில் த வந்திருக்கும், வெறுமனே விட்ட ஐந்தாம் கம்பியும் கீழ் த. ஒரேயொரு விரல்தான் நகர்ந்தது, பாட்டின் முகமே மாறிவிட்டது. எனக்கு இன்றைக்கும் இது பிடித்த இடம். ஒவ்வொரு கோர்ட் மாற்றத்திலும் எந்த விரல் நகரத் தேவையில்லை என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கையை அசைக்க வேண்டும்.

இந்த இரண்டோடு ஈ மைனர், ஜீ, டி போதும். எஃப்பை இப்போதைக்கு விடு. பாட்டில் கட்டாயம் வந்தால் எஃப் மேஜர் செவன் பிடி: சியிலிருந்து சுட்டுவிரல் அப்படியே இருக்க, நடுவிரல் மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் மோதிர விரல் நாலாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் போகும், முதலாம் கம்பி வெறுமனே. நாலாம் கம்பியிலிருந்து கீழே தட்டு. பல பாட்டுகளில் இதுவே எஃப் இடத்தில் பொருந்தும்.

வலக்கை நிற்கக் கூடாது. இடக்கை கோர்ட்டுக்குப் பிந்தினாலும் வலக்கை தாளத்தோடு கீழே மேலே போய்க்கொண்டே இருக்கட்டும். பிழையான கோர்ட்டைக் கேட்பவர்கள் மன்னிப்பார்கள், தாளம் நின்றால் பாடுகிறவர்கள் தடுமாறிப் போவார்கள். பாடகர் குழாமில் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். இடக்கையைக் கம்பிகளின் மேல் தளர்வாகப் போட்டுச் சத்தத்தை அடக்கிவிட்டு, வலக்கையை மட்டும் பழகு. நாலு எண்ணிக்கை சரியாக வந்த பிறகு பைலாவுக்கு வா. எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் கேட்டு வளர்ந்த அந்த 6/8 தாளம் உன் காலுக்கு ஏற்கெனவே தெரியும். ஆறு எண்ணிக் கைதட்டி, ஒன்றிலும் நாலிலும் அழுத்தம் கொடு. கிட்டாரிலும் முதலில் அந்த இரண்டு இடத்தில் மட்டும் தட்டு, மிச்சத்தை மெல்லச் சேர்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருப்பதைவிட ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம் இரு. எடுத்தவுடன் டியூன் பண்ணு, ஒரு நாளும் அதைத் தவறவிடாதே. கம்பியின் சுருதி அளவுக்கு மேல் ஏறிவிட்டால் கீழே இறக்கிவிட்டு மறுபடி கீழிருந்து மேலே கொண்டுவந்து சேர், அப்போதுதான் நிற்கும்.

முதல் வேலை அந்த நாணய அளவும் நட்டும். பார்த்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பு, கடைக்காரர் செட்டப்புக்கு எவ்வளவு கேட்டார் என்றும் எழுது. கையில் காசு இல்லையென்றால் சொல்லு, அப்பாவும் நானும் அனுப்புகிறோம்.

அன்புடன்,
அம்மா