மின்வாய்த் துண்டுகள் வந்து சேர்ந்தன

யாழ்ப்பாணம்
மார்கழி 12

அன்பின் குகன்,

நாங்கள் நலம். உடம்பில் அழற்சி வந்தால் குருதியில் உயரும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அளக்க நீ கொடுத்தனுப்பிய மின்வாய்த் துண்டுகள் இருபதும் ஒரு கீறலும் விழாமல் வந்து சேர்ந்தன. இங்கே மழை விட்டபாடில்லை. கிணறு வாய்வரை நிரம்பி நிற்கிறது. வீட்டுக்கு வீடு காய்ச்சல். டெங்குவா, எலிக்காய்ச்சலா என்ற கேள்விதான் எல்லார் வாயிலும்.

போன கிழமை நெடுந்தீவிலிருந்து காய்ச்சலோடு கிடந்த சின்னம்மாவைக் கொண்டுவந்தோம். கடல் கொந்தளிப்பால் மூன்று நாள் படகு ஓடவில்லை. நான்காம் நாள் காலையில்தான் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறக்கினோம். அவருடைய சி.ஆர்.பி. லீற்றருக்கு 180 மில்லிகிராம். 5க்குள் இருக்கவேண்டியது. மருந்து தொடங்கியபின் மறுநாள் 110, அதற்கடுத்த நாள் 52. இப்போது கஞ்சி குடித்துக்கொண்டு எங்களை ஏசுகிறார். ஆனால், அந்த 180 இரண்டாம் நாளே தீவில் தெரிந்திருந்தால் எப்படியாவது ஒரு வழி பார்த்திருப்போம் என்ற எண்ணம் என்னை விடவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

துண்டில் உள்ள உங்கள் உணரி பிக்கோகிராம் (கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) வரை பிடிக்கும் என்று பெருமையோடு எழுதியிருந்தாய். சி.ஆர்.பி.க்கு அந்த நுட்பம் தேவையில்லை, குகன். 1930இல் தில்லெற்றும் பிரான்சிஸும் அதை முதன்முதலில் கண்டபோது, நியூமோனியா நோயாளிகளின் நீர்ப்பாயத்தில் (குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) வெறுங்கண்ணுக்கே வீழ்படிவு தெரிந்தது. நோய் வந்தால் ஈரல் அதை அள்ளிக் கொட்டுகிறது. ஆயிரம் மடங்குகூட உயரும். தேடிப் பிடிப்பது பெரிய காரியமல்ல. மற்றதெல்லாவற்றையும் பிடிக்காமல் இருப்பதுதான் கடினம்.

உன் துண்டில் அதைக் கண்ணால் கண்டேன். பொன் பரப்பில் சி.ஆர்.பி.யைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை ஒட்டி, இலத்திரனைக் கொடுத்து வாங்கும் பெரோசயனைட்டுக் கரைசலை விட்டு, மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை என்று காட்டும் மின்தடங்கலை அளந்தேன். உப்புக் கரைசலில் சி.ஆர்.பி. சேர்க்கச் சேர்க்கத் திரையில் அந்தத் தடையைக் காட்டும் அரைவட்டம் அழகாகப் பெருத்துக்கொண்டே வந்தது. புரதம் படிந்து பொன்னை மூட மூட இலத்திரன் கடக்கும் வழி அடைபடுகிறது அல்லவா. பிறகு, நோயில்லாத ஒருவருடைய நீர்ப்பாயத்தில் ஒரு துளி விட்டேன். அரைவட்டம் அதற்கும் அதே அளவு பெருத்தது! குருதியில் லீற்றருக்கு நாற்பது கிராம் அல்புமின் என்ற புரதம் இருக்கிறது. நாம் தேடும் ஐந்து மில்லிகிராமைப்போல் எட்டாயிரம் மடங்கு. வெற்றிடம் கண்ட இடத்திலெல்லாம் அது போய் உட்கார்ந்துகொண்டது. மாட்டு அல்புமினால் முன்கூட்டியே இடைவெளிகளை அடைத்துவிட்டுச் செய்தபோதுதான் ஓரளவு அடங்கியது. உங்கள் அறிக்கையில் இருந்த வளைகோடுகள் எல்லாமே உப்புக் கரைசலில் எடுத்தவை. முழுக் குருதியில் எடுத்ததை எனக்கு அனுப்பு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பொன் நனோத்துணிக்கைகளால் சிவப்புக் கோடு காட்டும் பட்டி ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சின்னம்மாவின் மாதிரியில் கோடு வெளிறித் தெரிந்தது. என் கைப்பிழை என்றே முதலில் நினைத்தேன். ஐம்பது மடங்கு ஐதாக்கி (நீர்க்கச்செய்து) மறுபடி விட்டேன். குங்குமம் தீட்டியதுபோல் கோடு விழுந்தது. சி.ஆர்.பி. அளவுக்கு மீறியிருந்தால் துணிக்கையில் இருக்கும் பிறபொருளெதிரியையும் கோட்டில் இருப்பதையும் தனித்தனியே நிரப்பிவிடுகிறது; இரண்டையும் இணைக்கும் பாலம் அமைவதில்லை. மிக மோசமான நோயாளிதான் நலமானவர்போலத் தெரிவார். ஆய்வுகூடத்தில் நான் இருந்தேன், ஐதாக்கினேன். தீவில் இரவில் தனியாக இருக்கும் தாதிக்கு அதை யார் சொல்வது? ஒரே துளியை இரண்டு ஐதாக்கலில் அளக்கும்படி துண்டிலேயே இரண்டு வாய் வையுங்கள்.

நுட்பம் வேண்டிய இடம் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம். ஈரலைத் தூண்டிவிடுவதே அதுதான். ஆகையால் முந்தி உயர்கிறது. நலமான உடலில் மில்லிலீற்றருக்குச் சில பிக்கோகிராம் மட்டுமே. உங்கள் திறமையை அங்கே காட்டுங்கள். சி.ஆர்.பி.க்கோ, அடுத்தடுத்து இரண்டு நாள் நம்பகமாக அளந்தால் போதும். குருதியில் அது பாதியாக ஏறத்தாழ 19 மணிநேரம் எடுக்கும். எந்த நோயானாலும் அதில் பெரிய மாற்றமில்லை. எனவே எண் வேகமாக இறங்கினால் ஈரல் அதைச் சுரப்பதைக் குறைத்துவிட்டது என்று பொருள். வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலும் அவ்வளவு உயராது, பற்றீரியாத் தொற்றில் ஏறும். ஆனால் உடம்பில் எங்கே அழற்சி என்று அது சொல்லாது. அதை வைத்தியர்தான் கைவைத்துப் பார்க்கவேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியை நம்பாத துண்டு ஒன்று வேண்டும். மின்சாரம் நின்றால் பிறபொருளெதிரி கெட்டுவிடும். அதற்குப் பதிலாகப் புரதத்தைப் பற்றக்கூடிய ஆப்தமர் பற்றி யோசித்தாயா? அந்த டி.என்.ஏ. இழை சூட்டில் குலைந்தாலும் ஆறியதும் திரும்ப மடிந்துகொள்ளும் என்பதால் கேட்கிறேன்.

சித்திரைக்கு வருவாய்தானே? அடுத்த துண்டுகளை நீயே கொண்டுவா. குறிகட்டுவானிலிருந்து சேர்ந்தே படகேறுவோம், தீவிலேயே வைத்துப் பரிசோதிப்போம். அம்மா உனக்கென்று புழுக்கொடியல் காயவைக்க வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
சேந்தன்