ஓடு கொடுத்த ஆத்தாவுக்கும் ஓடி வந்த எல்லோருக்கும்

நேற்று சாயங்காலம் கடைசி ஓடும் ஏறிவிட்டது. ராத்திரியே ஒரு மழை பிடித்தது. ஆசாரத்தில், அதாவது கூடத்தில், பாயைப் போட்டுப் படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு இல்லை. அதான் விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கூரை ஒரு மூலையில் இற்றுப் போனது உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப முழுசும் சொல்லத் தெம்பில்லை. காங்கேயம் பக்கத் தோட்டங்களில் நின்ற பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. நாலு பக்கக் கூரையும் நடுவாசலைப் பார்த்துச் சரியும், தண்ணீர் நாலு மூலையில் வந்து சேரும். ஒழுகினால் மூலையில்தான் ஒழுகும். எங்கள் வடகிழக்கு மூலையும் அப்படித்தான் இற்றுப் போனது. போன தடவை அங்கே சிமெண்ட் பூசச் சொன்னது நான்தான். சுண்ணாம்புக் காரைச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது.

மரம் கிடைத்தது, சுண்ணாம்பு கிடைத்தது. ஓடுதான் கிடைக்கவில்லை. அப்பாரு போட்டது மங்களூர் ஓடு, அடியில் பேசல் மிஷன் முத்திரை. மங்களூரில் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய கிறிஸ்தவ மிஷன்காரர்கள் அவர்கள். ஒரு ஓடு இன்னொன்றோடு கோத்துக்கொள்ளும் பள்ளம்தான் காடி, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். புது ஓட்டைப் பழையதோடு கோத்தால் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும். 22 ஓடு குறைந்தது.

கீழ்த்தோட்டத்து ஆத்தாவிடம் நான் கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் தலையில் கூடையோடு வந்து நின்றார். உள்ளே ஓடு, அதே முத்திரை. நாலைந்து நடை நடந்து 26 ஓடு கொண்டுவந்து அடுக்கினார்.

"ஏதுங்காத்தா இது?"

"கோழிக்கூட்டு மேல கெடந்துச்சு கண்ணு."

அப்புறம் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காதில் வாங்கினார். கணீரென்றால் இந்தப் பக்கம், மொத்தென்றால் அந்தப் பக்கம். மூன்று வெடிப்பு. காசை நீட்டினேன். அதை என் சட்டைப்பையிலேயே திணித்துவிட்டு, "கோழிக்குச் சாக்குப் போதும் போ" என்று கிளம்பிவிட்டார். மிஞ்சிய ஒரு ஓடு திண்ணையில் இருக்கிறது.

ராத்திரியோடு ராத்திரியாகத் தார்ப்பாய் கட்டியவர்கள், விட்டத்துக்குத் தோள் கொடுத்த தம்பிகள், சுண்ணாம்பில் சேர்க்கக் கடுக்காய் இடித்து ஊறவைத்த அக்காமார், கேட்காமலே பணம் அனுப்பியவர்கள், "இனிச் சிமெண்டைத் தொடாதீங்க" என்று திட்டிய கொத்தனார் அண்ணன், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பேர் போட்டால் ஒன்று விட்டுப் போகும், சண்டை வரும்.

ஆத்தா, நேற்றைய மழையில் நான் நனையாமல் தூங்கினேன், உங்கள் கோழிகள் சாக்குக்கடியில் கிடந்திருக்கும். வர்ற ஞாயிற்றுக்கிழமை ஓட்டோடு வருகிறேன். வேண்டாமென்று சொல்லாதீர்கள். அந்தச் சேவலை மட்டும் பிடித்துக் கட்டி வையுங்கள்.