ஜூலை முதல் ஜூலை வரை எண்ணுங்கள்

மேஜர் லீக் பேஸ்பால் கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீக்குகளின் சிறந்தவர்களை, ரசிகர் வாக்கையும் வைத்துத் தேர்ந்தெடுத்து மோதவிடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை 2026 ஜூலை 14 அன்று பிலடெல்பியாவில் நடத்தப்போகிறீர்கள். பிடிக்காததைப் பார்த்தால் சும்மா இருக்கிற ஊர் அல்ல அது. அவர்கள் உங்களைப் பார்த்துக் கூச்சல் போட நினைத்தால், நியாயமான காரணம் ஒன்றை நானே எடுத்துக் கொடுப்பேன். 2007-இல் நேஷனல் லீக்கின் எம்.வி.பி. (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்) விருதை வாங்கியவர் அந்த ஊர் அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) ஜிம்மி ராலின்ஸ். 2021-இல் அதே விருது அதே அணியின் பிரைஸ் ஹார்ப்பருக்குப் போனது. இரண்டு பேருமே அந்தந்த ஆண்டின் ஆல்-ஸ்டார் அணியில் கிடையாது. லீக்கிலேயே சிறந்தவர் என்று நவம்பரில் மாலை போடப்பட்ட ஆளுக்கு ஜூலையில் பெஞ்சில் கூட இடமில்லை.

சென்ற ஆண்டு இன்னும் மோசம். 2025 நேஷனல் லீக் எம்.வி.பி. வாக்கெடுப்பில் முதல் ஐந்து பேர்: ஷோஹெய் ஓட்டானி, கைல் ஷ்வார்பர், ஹுவான் சோட்டோ, ஜெரால்டோ பெர்டோமோ, ட்ரே டர்னர். இவர்களில் ஜூலையில் அட்லாண்டா ஆட்டத்துக்குத் தேர்வானவர்கள் முதல் இருவர் மட்டும்தான். சோட்டோ ஆண்டு முடிவில் 43 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து, பந்து அடிபடும் முன்பே ஓடி 38 பேஸ் திருடியிருந்தார். டர்னர் லீக்கின் பேட்டிங் சாம்பியன். அரிசோனாவின் பெர்டோமோவை அந்த ஊரைத் தாண்டி யாருக்குமே தெரியாது, அவர் பாட்டுக்கு 20 ஹோம் ரன், 27 ஸ்டீல் (பேஸ் திருட்டு) என்று ஆண்டை முடித்தார். இந்த மூவரையும் வெளியே நிறுத்திவிட்டு நடந்த ஆட்டத்துக்குத்தான் நட்சத்திர ஆட்டம் என்று பெயர்.

இதை ரசிகர்களின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோளாறு நாட்காட்டியில் இருக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் வாக்குப்பதிவு தொடங்குகிறது. அப்போது ஓர் அணி ஆட வேண்டிய 162 ஆட்டங்களில் அறுபது சொச்சம்தான் முடிந்திருக்கும். வாக்காளர் முன்னால் இருப்பது ஏப்ரல், மே மாதக் கணக்கு. அதை நம்பாதவர் பழைய புகழைப் பார்த்துப் போடுகிறார். ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் முடிவு வரை ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அது எந்த ஆண்டின் ஆல்-ஸ்டார் கணக்கிலும் சேர்வதில்லை. அடுத்த ஜூனில் எல்லாமே பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடுகிறது.

அத்லெடிக்ஸ் அணியின் நிக் கர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்-ஸ்டார் ஆட்டம் முடிந்து பத்தே நாளில், 2025 ஜூலை 25 அன்று, ஹூஸ்டனில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன். ஆறு முறை மட்டை பிடித்தார், ஆறு ஹிட். அறிமுக ஆண்டிலேயே ஒரு ஆட்டத்தில் நான்கு அடித்தவர் அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதை ஒருமனதாக வாங்கினார். ஆல்-ஸ்டார் பதிவேட்டில் மட்டும் 2025-க்கு நேராக அவர் பெயர் இருக்காது.

இன்னும் பின்னால் போனால் ஏஞ்சல்ஸ் அணியின் டிம் சால்மன் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஒரே அணி, 299 ஹோம் ரன், 2002-இல் உலகத் தொடர் பட்டம், ஆல்-ஸ்டார் தேர்வு ஒருமுறை கூட இல்லை. ஏப்ரலில் மெதுவாகத் தொடங்கிப் போகப்போகச் சூடு பிடிக்கிறவர் அவர். இப்போதுள்ள முறையில் அப்படிப்பட்ட ஆட்டக்காரர் எத்தனை வருடம் ஆடினாலும் மாட்டிக்கொண்டுதான் இருப்பார். ஒருவரின் பெயர் புகழரங்க விவாதத்துக்கு வரும்போது எத்தனை முறை ஆல்-ஸ்டார் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதனால் இது வெறும் கோடை விடுமுறைக் கொண்டாட்டம் என்று தள்ளிவிடவும் முடியாது.

என் கோரிக்கை சின்னது. வாக்குச்சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், சென்ற ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் மறுநாளிலிருந்து இன்று வரையான கணக்கைப் போடுங்கள். தகுதியையும் அதை வைத்தே அளக்கச் சொல்லுங்கள். அப்படிப் போட்டால் யாரும் தன் இஷ்டத்துக்கு வாக்களிப்பதை அது தடுக்காது. ஏப்ரலில் மட்டும் மின்னியவரையும், ஐந்து வருடத்துக்கு முன்பு மின்னியவரையும் ஒரே தராசில் வைக்க ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான்.

சரி, குறை சொல்கிறவன் தன் அணியைச் சொல்ல வேண்டும். 2025-ஐ முழுதாக வைத்து, அப்போது அவரவர் அணிந்திருந்த சட்டையின்படி, என் தேர்வு இது.

அமெரிக்கன் லீக்கில் கேட்சர் இடத்துக்கு யோசனையே வேண்டாம். சியாட்டிலின் கால் ராலி 60 ஹோம் ரன் அடித்தார். குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிற ஒருவர், அதுவும் இரண்டு கையாலும் மாறி மாறி ஆடுகிறவர். மிக்கி மேன்டில் 1961-இல் அடித்த 54-தான் இரு கை ஆட்டக்காரர்களில் அதுவரை உச்சம். முதல் பேஸில் கர்ட்ஸ். விளாடிமிர் கெரேரோ ஜூனியரை ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள், அக்டோபரில் நடக்கிற பட்டச் சுற்று ஆட்டங்களையும் சேர்த்தால் நானும் அவரைத்தான் போடுவேன், ஆனால் அது வேறு கணக்கு. இரண்டாம் பேஸில் ஜாஸ் சிஷம், 31 ஹோம் ரன், 31 ஸ்டீல். ஷார்ட்ஸ்டாப் பாபி விட், மூன்றாம் பேஸ் ஹோசே ராமிரெஸ். வெளிக்களத்தில் ஆரன் ஜட்ஜ், பைரன் பக்ஸ்டன், ஹூலியோ ரோட்ரிகெஸ். ஜட்ஜின் சராசரி .331, ஹோம் ரன் 53. இவருக்கும் ராலிக்கும் நடந்த எம்.வி.பி. போட்டி போல ஒன்றை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. பக்ஸ்டன் 24 முறை பேஸ் திருட ஓடினார், ஒரு முறையும் பிடிபடவில்லை. காயமில்லாமல் அவர் ஆண்டு முழுக்க ஆடினால் என்ன ஆகும் என்று மினசோட்டாக்காரர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு ஏறக்குறையப் பதில் கிடைத்தது. மட்டை மட்டும் பிடிக்கிற இடத்துக்கு ஜார்ஜ் ஸ்பிரிங்கர். முப்பத்தைந்து வயதில் .309 அடித்தார், 32 ஹோம் ரன். ஜூலையில் இவரையும் விட்டுவிட்டோம்.

அட்லாண்டாவில் அந்த லீக்கின் வெளிக்களத்தில் ரசிகர் வாக்கில் நின்றவர் டெட்ராய்டின் ஹாவியர் பயஸ். இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் எழுதிவிட்ட ஷார்ட்ஸ்டாப், நடுக்களத்துக்கு மாறி மறுவாழ்வு பெற்ற கதை. அழகான கதைதான். இரண்டாம் பாதியில் மட்டை மறுபடி தளர்ந்துவிட்டது. ஸ்பிரிங்கரின் கணக்கு பக்கத்தில் இருந்திருந்தாலும் டெட்ராய்டுக்காரர்கள் பயஸுக்கே போட்டிருப்பார்கள். போடட்டும்.

நேஷனல் லீக்கில் எனக்குப் பெரிய சிக்கல் ஓட்டானியா ஷ்வார்பரா என்பது. ஒருவர் 55 ஹோம் ரன், இன்னொருவர் 56. பந்தும் வீசுகிறவர் என்பதால் ஓட்டானிக்குக் கொடுத்து, ஷ்வார்பரைப் பெஞ்சில் வைக்கிறேன். 6-6 என்று சமனில் நின்ற சென்ற ஆண்டு ஆட்டத்தை ஹோம் ரன் அடிக்கும் போட்டியால் தீர்த்தபோது மூன்று வீச்சில் மூன்றையும் வெளியே அனுப்பியவர் அவர், பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாலே போதும். ஷார்ட்ஸ்டாப் பெர்டோமோ, அவருக்கு மாற்றாக டர்னர். முதல் பேஸ் பீட் அலான்சோ, மூன்றாம் பேஸ் மேனி மசாடோ. இரண்டாம் பேஸில் எல்லோரும் கெட்டெல் மார்ட்டே என்பார்கள். நான் சிகாகோவின் நிகோ ஹோர்னரைப் போடுகிறேன். ஹோம் ரன் குறைவு. ஆனால் .297 சராசரியும் பந்து பிடிக்கும் அந்தக் கைகளும் எனக்குப் போதும். வெளிக்களத்தில் சோட்டோ, கார்பின் கேரல், பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங். கடைசியவரின் இரண்டாம் பாதி படுமோசம். ஆனாலும் 31 ஹோம் ரன், 35 ஸ்டீல், நடுக்களத்தில் அவர் பிடித்த பந்துகள். என் அளவுகோல் அவரைக் கீழே தள்ளும் என்று நினைத்தேன், தள்ளவில்லை.

கேட்சர் இடத்துக்கு டாட்ஜர்ஸின் வில் ஸ்மித்தை எடுக்காமல் கொலராடோவின் ஹன்டர் குட்மேனை எடுக்கிறேன். 119 ஆட்டத்தில் தோற்ற அணியில் 31 ஹோம் ரன் அடித்தவர். ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற விதியைத் தூக்கிவிடச் சொல்லிச் சிலர் உங்களிடம் வருவார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். தோற்றுக்கொண்டே இருக்கிற ஊரில் ஒரு பையன் ஜூலையில் டிவி முன்னால் உட்கார அது ஒன்றுதான் காரணம்.

பந்து வீசும் பிட்சர்களில் டாரிக் ஸ்கூபலும் பால் ஸ்கீன்ஸும். ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.97. அவர் கணக்கில் எழுதப்பட்ட வெற்றி 10, தோல்வியும் 10. பிட்ஸ்பர்க் மட்டையாளர்கள் அவருக்குச் செய்த துரோகத்தைப் பற்றித் தனி மடலே எழுதலாம். அவருக்கு அடுத்து பிலடெல்பியாவின் கிறிஸ்டோபர் சான்செஸ்: 2.50 சராசரி, 202 இன்னிங்ஸ், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். ஜூலையில் முதலில் அறிவித்த பட்டியலில் இவர் பெயர் இல்லை. பிறகு மாற்று ஆளாக, அதுவரை ஐந்தே ஆட்டத்தில் தொடக்கப் பிட்சராக இறங்கியிருந்த மில்வாக்கியின் ஜேக்கப் மிசியராவ்ஸ்கியை உங்கள் அலுவலகம் அழைத்தது. பிலடெல்பியா ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகவே கோபப்பட்டார்கள். மணிக்கு 100 மைலைத் தாண்டி வீசுகிற அந்த இளைஞர்மேல் எனக்கு வருத்தமில்லை, கூப்பிட்டால் யார்தான் போகமாட்டார்கள்?

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பிட்சர்களை ஆட்டக்காரர்களும் உங்கள் அலுவலகமும் மட்டும் தேர்ந்தெடுப்பது ஏன்? ரசிகர்களுக்கு அதில் வாக்கே இல்லை. 1933 ஜூலையில் சிகாகோவின் காமிஸ்கி பார்க்கில் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம் நடந்த அதே ஆண்டு செப்டம்பரில், அதே மைதானத்தில், வெள்ளையர் லீக்குகளுக்குள் விடப்படாத கறுப்பின ஆட்டக்காரர்கள் கிழக்கு-மேற்கு ஆட்டத்தை ஆடினார்கள். பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகைகளின் வாசகர்கள் வாக்குச்சீட்டை நிரப்பி அனுப்பினார்கள், பிட்சர் உட்பட. மேற்கு அணிக்கு வாசகர்கள் தேர்ந்தெடுத்த வில்லி ஃபாஸ்டர் முழு ஆட்டத்தையும் தானே வீசி ஜெயித்துக் கொடுத்தார். அவர்கள் தேர்வில் என்ன குறை?

ரசிகர்களை நம்ப முடியாது என்று 1957-ஐ யாராவது நீட்டுவார்கள். அந்த ஆண்டு சின்சினாட்டிக்காரர்கள் வாக்குகளைக் குவித்து, எட்டு இடத்தில் ஏழு இடத்தை அவர்கள் அணிக்கே கொடுத்துவிட்டார்கள். அப்போதைய கமிஷனர் ஃபோர்டு ஃப்ரிக் இரண்டு பேரை எடுத்துவிட்டு வில்லி மேஸையும் ஹேங்க் ஆரனையும் போட்டார். அதோடு விடாமல் 1970 வரை ரசிகர்களிடமிருந்து வாக்கையே பறித்துவிட்டார்கள். 2015-இல் கன்சாஸ் சிட்டி ரசிகர்கள் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்தபோது நீங்கள் பதவிக்கு வந்து ஆறு மாதம் கூட ஆகவில்லை. கோடிக்கணக்கில் போலி வாக்குகளை நீக்கினீர்களே தவிர, வாக்குரிமையில் கை வைக்கவில்லை. அதற்காக ஒரு நன்றி, தாமதமாக.

ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு 35 வாக்கு என்று அன்று விதி வைத்தது யாரோ, கன்சாஸ் சிட்டியைத் திட்டும் முன் அவரைத் திட்டியிருக்க வேண்டும்.

இந்த ஜூனில் பிட்சர் வாக்கு வேண்டாம், ஏற்பாடு செய்ய நேரமாகும் என்றால் அதை 2027-க்கு வைத்துக்கொள்ளலாம். அந்த ஜூலை முதல் ஜூலை வரையான கணக்கை மட்டும் இந்த வாக்குச்சீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். எல்லா எண்ணும் ஏற்கனவே உங்கள் கணினியில் இருக்கிறது. கர்ட்ஸ் அடித்த அந்த நான்கும் அதில் வரும்.

இப்படிக்கு,
வாக்களிக்கும் ரசிகன் ஒருவன்